பொய்க்கதவும் இடுதுளையும்: புதுக்கோட்டை ஈமக்காடுகளை எகிப்தோடு வைத்துப் பார்த்தல்

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, தாமரைக்குள ஓவியம் உள்ள அறிவர் கோயில். மற்றொன்று, குன்றின் மேல் சமணத் துறவியர் தங்கிய ஏழடிப்பட்டம். இரண்டையும் பார்த்து முடித்ததும் வண்டி புதுக்கோட்டைக்குத் திரும்பிவிடுகிறது. குன்றைச் சுற்றியுள்ள சமவெளியில், முட்புதர்களுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கிடக்கும் கற்களின் அருகே யாரும் நிற்பதில்லை. அவை கல்லறைகள். ஓவியங்களைவிட ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் மூத்தவை. அன்னவாசல், குடுமியான்மலை வட்டாரத்தில் தொடங்கி மாவட்டத்தின் பல பகுதிகளில் இப்படிப்பட்ட ஈமக்காடுகள் இருக்கின்றன. குரக்குப்பட்டறை என்ற பெயரில் ஊர்க்காரர்கள் அவற்றை அறிவார்கள்.

இதே ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடம் எகிப்தைப் பற்றிக் கேட்டால் பிரமிடு, மம்மி, துட்டன்காமுன் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதில் குறையொன்றும் இல்லை. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் திறந்த அந்தக் கல்லறையில் 5,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. உலகம் அதைப் பேசாமல் வேறு எதைப் பேசும்? ஆனால் அந்தப் பிரமிப்போடு நம் பொட்டல் காட்டுக் கற்களைப் பார்க்கிறவருக்கு ‘இங்கே பெரிதாக ஒன்றுமில்லை’ என்று தோன்றிவிடுகிறது. அப்படித் தோன்றுவதற்குக் காரணம் கற்கள் அல்ல, கையிலுள்ள அளவுகோல். ஒரு பேரரசனின் கல்லறையை ஓர் ஊர்க்குடியின் கல்லறையோடு ஒப்பிட்டால் விடை அப்படித்தான் வரும். எகிப்தின் குடியானவரை நம் குடியானவரோடு வைத்துப் பார்த்தால் கிடைக்கிற சித்திரமே வேறு.

எகிப்தின் எளிய மக்கள் எப்படிப் புதைக்கப்பட்டார்கள் என்பதற்கு நல்ல சான்று அமர்னா. அக்கநாத்தன் என்ற அரசன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் பாலைவன ஓரத்தில் புதிதாக எழுப்பிய தலைநகரம் அது. அந்நகரத்துச் சாதாரண மக்களின் இடுகாட்டை 2006 முதல் சில ஆண்டுகள் அகழ்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மம்மியும் இல்லை, பொற்பெட்டியும் இல்லை. உடலைத் துணியில் சுற்றி, குச்சிப் பாயில் உருட்டிக் கட்டி, மணலில் தோண்டிய குழியில் வைத்திருந்தார்கள். எலும்புகளில் கடும் உழைப்பின் தேய்மானமும் சத்தில்லாத உணவின் தடயமும் தெரிந்தன. இளவயதில் செத்தவர்கள் ஏராளம். இன்னும் பின்னால் போனால், பாரோக்களுக்கு முந்தைய காலத்திலிருந்தே எகிப்தில் இறந்தவரைப் பெரிய பானைகளில் வைத்துப் புதைக்கும் வழக்கமும் இருந்தது. நம் முதுமக்கள் தாழியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பானைகளின் படங்கள் அந்நியமாகத் தெரியாது.

ஆக, நைல் கரையின் பெருந்திரள் மக்கள் மணற்குழிக்குள் போனார்கள். புதுக்கோட்டைச் சீமையின் இரும்புக்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக என்ன செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

ஒரு கற்பதுக்கையை எடுத்துக்கொள்வோம். முதலில் நிலத்தில் குழி தோண்டி, அடியில் ஒரு கருங்கல் பலகையைப் பரப்புகிறார்கள். பிறகு நான்கு பக்கமும் நான்கு பலகைகளை நட்டு நிறுத்துகிறார்கள். இந்த நான்கையும் முனையோடு முனை சேர்த்து வெறும் சதுரமாக நிறுத்துவதில்லை. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். அட்டைப் பெட்டியின் நான்கு மடிப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி மூடும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதைப் போலத்தான் இதுவும். வெளியிலிருந்து மண் அழுத்த அழுத்த, பலகைகள் உள்ளே சரியாமல் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. சிலவற்றில் நடுவே ஒரு தடுப்புப் பலகையை நிறுத்தி இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே மூடுகல். அதைச் சுற்றிக் கற்களும் மண்ணும் குவித்து, வெளியே கருங்கல் குண்டுகளாலோ செம்புராங்கல் துண்டுகளாலோ வட்டம்.

மூடுகல் ஒன்றின் எடை பல டன் வரும். பாறையின் மேல் தீ மூட்டிச் சூடேற்றி, ஏடு ஏடாகப் பெயர்த்து, உருளைக் கட்டைகளின் மேல் இழுத்து வந்திருக்க வேண்டும். ஒரு வீட்டாரால் முடிகிற வேலையல்ல, ஊர் கூடித்தான் செய்ய முடியும். இங்கேதான் எகிப்தோடு உள்ள முதல் பெரிய வேறுபாடு தென்படுகிறது. கூபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் முடிந்தது. அதில் ஏறத்தாழ 23 லட்சம் கற்கள். அவற்றில் ஒரு பகுதியைத் துரா சுரங்கத்திலிருந்து படகில் ஏற்றி வந்த மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்புப் பாப்பிரஸ் 2013இல் செங்கடல் கரையில் கிடைத்தது. எத்தனை நாள் பயணம், என்ன உணவு வந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அரசு சோறு போட்டு வேலை வாங்கிய ஏற்பாடு அது. அத்தனை பேரின் உழைப்பும் ஒரே ஓர் உடலுக்காக. சித்தன்னவாசல் சமவெளியிலும் மனித உழைப்பு மலைபோலக் குவிந்திருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் உயரவில்லை. பல கல்லறைகளாகப் பிரிந்து பரவியிருக்கிறது. ஊரிலுள்ள எல்லோருக்கும் இத்தகைய கல்லறை கிடைத்திருக்காது. இருந்தாலும் ஊரின் உழைப்பு ஒரே மனிதனிடம் போய்ச் சேரவில்லை என்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது.

இந்தக் கல்லறைகளில் என்னை அதிகம் ஈர்ப்பது இடுதுளை. பக்கப் பலகை ஒன்றில், பெரும்பாலும் வட்டமாக, செதுக்கி எடுத்த ஓட்டை அது. கிழக்கு நோக்கியவை பல. கருங்கல்லில் ஓர் ஓட்டையை இவ்வளவு ஒழுங்காகக் குடைந்தெடுப்பது எளிதல்ல, தேவையில்லாமல் யாரும் செய்யமாட்டார்கள். இறந்தவரின் உயிர் போய்வர விட்ட வழி என்பது ஒரு விளக்கம். பின்னாளில் இறந்தவர்களின் எலும்புகளையும் படையல் பொருள்களையும் உள்ளே சேர்ப்பதற்கான வாய் என்பது இன்னொன்று. இரண்டாவதுக்குப் பலம் சேர்ப்பது எலும்புகள்தாம். தென்னிந்தியப் பெருங்கற்காலக் கல்லறைகள் பலவற்றில் முழு எலும்புக்கூடு இருப்பதில்லை. உடலை முதலில் வேறோர் இடத்தில் இட்டுவைத்து, தசை நீங்கிய பின் மண்டையோட்டையும் பெரிய எலும்புகளையும் பொறுக்கி எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். ஒரே பதுக்கைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவரின் எலும்புகள் கிடப்பதும் உண்டு. கல்லறை ஒரு குடும்பத்தின் பொது வீடாக இருந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

எகிப்தியக் கல்லறைகளிலும் ஒரு வாசல் இருந்தது, ஆனால் அது திறக்காத வாசல். பழைய அரசுக் காலத்து மஸ்தபா கல்லறைகளின் வழிபாட்டறையில், மேற்குச் சுவரில், நிலை, உத்திரம், சுருட்டிய பாய் என எல்லாவற்றோடும் கல்லிலேயே ஒரு கதவைச் செதுக்கினார்கள். ஆய்வாளர்கள் அதைப் பொய்க்கதவு என்பார்கள். இறந்தவரின் ‘கா’, அதாவது அவருடைய உயிராற்றல், அந்தக் கல்லைக் கடந்து வந்து முன்னால் வைத்த அப்பத்தையும் பீரையும் ஏற்றுக்கொள்ளும் என்பது நம்பிக்கை. உயிரோடிருப்பவர் அந்தப் பக்கம் போகவே முடியாது. சக்காராவில் ஜோசர் மன்னனின் படிப் பிரமிடுக்கு அருகே ஒரு சிறிய மூடிய அறை இருக்கிறது. உள்ளே அரசனின் சிலை. அதன் கண்மட்டத்தில் சுவரில் இரண்டு வட்டத் துளைகள். சடங்குகளைச் சிலை அதன் வழியே பார்த்துக்கொண்டிருக்கும். நம் இடுதுளையோடு வடிவில் நெருங்கிவருவது அதுதான். ஆயினும் ஜோசரின் துளை வெளியே பார்ப்பதற்கு மட்டும். அதன் வழியே புதிதாக யாரும் உள்ளே போய்ச் சேர முடியாது. பிற்கால எகிப்தில் ஒரே குழியில் குடும்பத்தார் பலரை அடுத்தடுத்து வைத்ததும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பேசுவது அரசர், பிரபுக்களின் கல்லறைகள் காட்டிய இலட்சியத்தைப் பற்றி.

அந்த இலட்சியத்தின் உச்சம் உடலைக் காப்பது. மூளையை அகற்றி, ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனியே எடுத்து ஹோரஸின் நான்கு புதல்வர்கள் காவலிருக்கும் ஜாடிகளில் வைத்து, உடலை நேட்ரான் உப்பில் உலர்த்தி, எண்ணெய் பூசி, துணியால் சுற்றுவார்கள். சடங்குக்கு எழுபது நாள். இதயத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள். மறுமையில் ஒசிரிஸின் முன்னிலையில் அதை மாத் என்னும் அறத்தெய்வத்தின் இறகோடு தராசில் நிறுக்க வேண்டுமே. பாரம் மிகுந்தால் அம்மித் என்ற கொடிய விலங்கு விழுங்கிவிடும். அதற்குப் பின் மறுமை இல்லை. உடல் சிதைந்தால் ஆள் இல்லாமல் போய்விடுவார் என்ற அச்சம் அந்நாகரிகத்தின் அடிவயிற்றில் இருந்தது. புதுக்கோட்டையின் இரும்புக்கால மக்களுக்கு அந்த அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. சதை போகட்டும் என்று விட்டுவிட்டு, எலும்பைக் கையால் எடுத்து வந்து உறவோடு சேர்த்தார்கள். இறந்தவரை ஓர் ஆளாகக் காத்து நிறுத்துவதைவிடக் கூட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

எலும்புகளோடு என்ன வைத்தார்கள்? முதலில் பானைகள். உள்ளும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்த கருப்பு-சிவப்புப் பானைகள், அடி உருண்டவற்றை நிறுத்த மண்ணால் செய்த பிரிமனைகள், கிண்ணங்கள், மூடிகள். சூளையில் பானையைக் கவிழ்த்து அடுக்கும்போது காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கும். பாரோக்களுக்கு முந்தைய நகாடா காலத்து எகிப்தியக் கல்லறைகளிலும் மேல்பாதி கறுத்து அடிப்பாதி சிவந்த பானைகள் குவியலாகக் கிடைக்கின்றன. இரண்டு படங்களையும் அருகருகே போட்டு, தமிழரே எகிப்துக்குப் போனார்கள் என்றும் எகிப்தியரே இங்கு வந்தார்கள் என்றும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டு இடைவெளியும் ஒரு பெருங்கடலும் இருக்கின்றன. களிமண்ணும் நெருப்பும் எங்கும் ஒன்றேபோல் நடந்துகொள்ளும். ஒற்றுமை சூளையில் இருக்கிறது, இரத்தத்தில் அல்ல. நம் முன்னோரின் கைத்திறனுக்கு நைல் நதியின் உறவுச் சீட்டு தேவையில்லை.

அடுத்தது இரும்பு. துட்டன்காமுனின் உடலோடு கட்டியிருந்த குத்துவாளின் இரும்பு, வானத்திலிருந்து விழுந்த எரிகல்லின் இரும்பு என்று 2016இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. தங்க முகமூடி அணிந்த அரசனுக்கே இரும்பு அவ்வளவு அரிய பொருள். தமிழகத்திலோ வாள், கத்தி, ஈட்டி முனை என இரும்புப் பொருள்கள் ஊர்மக்களின் ஈமக்குழிகளிலேயே கிடைக்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை போவதாக 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்தத் தேதியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், செம்புராங்கல் பூமியான புதுக்கோட்டையில் இரும்பு உருக்கிய கசடுகள் பல ஊர்களில் காலில் இடறுகின்றன என்பது கண்கூடு. பூமியிலிருந்து இரும்பை எடுக்கத் தெரிந்த கைகள்தாம் அந்தக் கருங்கல்லையும் துளைத்தன.

உணவும் வைத்தார்கள். பழனிக்கு அருகே பொருந்தலில் ஒரு கல்லறைக்குள்ளிருந்த ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணித்தார்கள். எகிப்தியர் சுவரில் வயலையும் அறுவடையையும் ஓவியமாக எழுதிவைத்தார்கள், அப்பத்தையும் வாத்தையும் கல்லில் செதுக்கினார்கள். யாரும் படையல் கொண்டுவராத காலத்திலும் அந்த ஓவியமே பசியாற்றும் என்று நம்பினார்கள். நமக்கு இங்கே சுவரோவியம் கிடைக்கவில்லை, நெல்லே கிடைத்திருக்கிறது.

அன்றாட வாழ்க்கையை அறிவதில் எகிப்து நம்மைவிடப் பல படி முன்னே இருக்கிறது. அரசர் பள்ளத்தாக்கில் கல்லறை வெட்டிய தொழிலாளர் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா என்ற ஊரில், ஓட்டுச் சில்லுகளிலும் கல் சில்லுகளிலும் கடன் கணக்கு, வழக்கு, வேலைக்கு வராததன் காரணம் எல்லாம் எழுதிக் கிடந்தன. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் படிதானியம் வரவில்லை என்று அவர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்ததும் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் நெடுங்காலம் கல்லறைகளை மட்டுமே பார்த்தோம், வீடுகளைத் தேடவில்லை. அந்தக் குறையைப் போக்கத் தொடங்கியிருக்கும் இடம், புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கேயுள்ள பொற்பனைக்கோட்டை. ஏறத்தாழ 50 ஏக்கர் பரப்பில், மண்மேட்டு மதிலும் அகழியும் செங்கல் கட்டுமானமும் கொண்ட சங்ககாலக் கோட்டை அது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அங்கே அகழ்ந்தது; 2023இல் தமிழ்நாடு தொல்லியல் துறை பெரிய அளவில் தொடங்கியது. செங்கல் தளம், நீர்வடிகால், சூதுபவள மணி, எலும்பு முனைக் கருவி, ஒரு சின்னத் தங்க மூக்குத்தி. எந்தப் பெண்ணின் மூக்கிலிருந்து தவறி விழுந்ததோ, அவள் தேடிய தேடலை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறது. ஒரு கோட்டையின் மதில் சொல்லாத வாழ்க்கையை அந்த மூக்குத்தி சொல்கிறது.

அரசர்களுக்கு வருவோம். இந்த ஈமக்காடுகளில் எந்தக் கல்லிலும் அரசன் பெயர் இல்லை. ஆனால் இந்த மண்ணின் தலைவர்களின் சாவு புறநானூற்றில் பாடலாக நிற்கிறது. திருமயம் வட்டத்து ஒலியமங்கலமே சங்ககால ஒல்லையூர் என்று கருதுகிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒல்லையூர்க் கூற்றம் என்ற நாட்டுப் பெயர் வெள்ளாற்றின் தென்பக்கத்துக்கு வழங்கியது. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242ஆம் பாடல் முல்லைக் கொடியைப் பார்த்துப் பேசுகிறது. சூடுவார் யாருமில்லாத ஊரில் நீ பூத்து என்ன பயன் என்பதே அதன் உள்ளம். அதே ஒல்லையூரை வென்று பெயரோடு சேர்த்துக்கொண்ட பூதப்பாண்டியன் இறந்ததும், அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தடுத்த சான்றோரைக் கடிந்துவிட்டுத் தீயில் புகுந்தாள். 246ஆம் பாடல் அவளே பாடியது. கைம்மையில் உண்ண வேண்டிய நெய்யில்லாச் சோற்றையும் பரற்கல் படுக்கையையும் அவள் எண்ணி அடுக்குவதைப் படித்தால், அந்தத் தீ காதலால் மட்டும் மூண்டதல்ல என்பது விளங்கும். கைம்பெண்ணுக்குச் சமூகம் வைத்திருந்த வாழ்க்கை அவளுக்கு நெருப்பைவிடக் கொடியதாகத் தெரிந்திருக்கிறது. இதைப் பெருமையாக மட்டும் பேசுகிற மேடைப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு பாடல், 234. அறந்தாங்கிப் பக்கத்து மிழலைக் கூற்றத்தின் தலைவன் வேள் எவ்வி இறந்தபின் வெள்ளெருக்கிலையார் பாடியது. எத்தனையோ பேருக்கு வாசலைத் திறந்துவைத்துச் சோறு போட்டவன் அவன். இப்போது அவன் மனைவி யானையின் காலடி அளவே உள்ள சிறிய இடத்தை மெழுகி, புல்லைப் பரப்பி, அதன்மேல் வைக்கும் பிண்டத்தை அவன் எப்படித் தனியே உண்பான் என்று புலவர் கேட்கிறார். எகிப்திய அரசனுக்குப் படையல் வைக்க நிலம் ஒதுக்கி, பரம்பரைப் பூசாரி நியமித்து, கோயில் கட்டினார்கள். அந்த ஆட்சி விழுந்ததும் படையலும் நின்றது. எவ்விக்குப் படைத்தது அவன் மனைவியின் கை. அதற்கு ஆட்சி தேவைப்படவில்லை, மெழுகிய ஒரு சாண் இடம் போதுமாயிருந்தது. இன்றைக்கும் பதினாறாம் நாள் கருமாதியிலும் ஆடி, தை அமாவாசையிலும் இந்தச் சீமையின் வீடுகளில் இலை போட்டுப் படைக்கிறார்கள்.

பாடல்களையும் கல்லறைகளையும் இப்படிச் சேர்த்து வைத்துப் பார்க்கும் வழியைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் கே.ஆர். சீனிவாசன். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பணியாற்றிவிட்டு இந்தியத் தொல்லியல் துறைக்குச் சென்றவர். தென்னிந்தியப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தின் வெளிச்சத்தில் ஆராய்ந்த அவரது கட்டுரை 1946இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாம் தொகுதியில் வந்தது. எரித்தல், வெளியே இட்டுவிடுதல், குழி, கல்லறை, தாழி என ஐந்து வழிகளை ஒரே நகரத்துச் சுடுகாட்டில் மணிமேகலை காட்டுகிறது. அந்தச் செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தில் இறங்கித் தேடியவர் அவர். நம் பாடப்புத்தகங்களில் கார்ட்டரின் பெயர் இருக்கிறது. இவர் பெயரும் இருக்க வேண்டும்.

எகிப்துக்கும் தமிழகத்துக்கும் உண்மையான தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. அது வணிகத் தொடர்பு. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில் மூக்குத் துளைகளுக்குள் மிளகு இருந்தது. செங்கடல் கரையில் குசேர் அல்-கதீமில் ‘பானை ஒறி’ என்று தமிழ்பிராமியில் எழுதிய பானைச் சில்லு கிடைத்தது. அதே கரையின் பெரெனிகே துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைத்திருந்த இந்தியச் சால் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அந்த வணிகத்தின் மறுமுனை புதுக்கோட்டையில் 1898இல் வெளிப்பட்டது. ஆலங்குடிக்கு அருகே கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான காசுகள். எகிப்து ரோமின் ஆட்சியில் இருந்த காலம் அது. ரோமப் பொன் கிழக்கே வந்த பெருவழி எகிப்தின் செங்கடல் துறைமுகங்களே. அந்தக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் முகத்தின் மேல் உளியால் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள். காசாக இனி ஓடக்கூடாது, பொன்னாக மட்டும் மதிக்கப்பட வேண்டும் என்பதற்கான வெட்டு என்பது பரவலான கருத்து. தன் முகத்தை அழியாமல் வைக்க எகிப்திய அரசன் ஒவ்வொருவனும் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு இந்த வெட்டுகளைப் பார்க்க வேண்டும்.

சித்தன்னவாசல் குன்றின் மேல் இன்னொரு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கிலான தமிழ்பிராமி எழுத்து இருக்கிறது. எருமை நாட்டைச் சேர்ந்த ஒரு துறவிக்காக இளயர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது அது. கீழே சமவெளியில் இறந்தவரின் எலும்புக்கு வீடு கட்டிய மக்களின் ஈமக்காடு. மேலே உடலின் மீதான பற்றையே விட்டொழிக்க வந்தவர்களின் படுக்கை. மரணத்துக்கு முகம் கொடுத்த இந்த இரண்டு வழிகளுக்கும் ஒரே குன்று சாட்சி. பாரோக்கள் காலத்து எகிப்தில் இப்படியொரு காட்சியைப் பார்க்க முடியாது. உடலை விட்டுவிடுவதே விடுதலை என்ற எண்ணம் பாரோக்களின் எகிப்துக்கு அந்நியம்.

புதுக்கோட்டையின் கடைசித் தலைமுறை அரசர் ஒருவரின் சாவையும் இங்கே சொல்ல வேண்டும். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மோலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். ஆங்கில அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. அவர் வெளிநாட்டிலேயே தங்கி 1928இல் பாரிசில் காலமானார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்காமல், லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டினார்கள். எகிப்தின் மத்திய அரசுக் காலத்துக் கதை ஒன்றில் சினூஹே என்பவன் அரசவையை விட்டு ஓடிப்போய் அயல்நாட்டில் செல்வமும் புகழுமாக வாழ்கிறான். ஆனால் முதுமையில் அவனை வாட்டுவது ஒரே கவலை, பிறந்த மண்ணில் அடக்கமாக வேண்டுமே என்பது. அரசன் மன்னித்துத் திரும்ப அழைக்கிறான், கல்லறையும் கட்டித் தருகிறான். சினூஹேக்குக் கிடைத்தது தொண்டைமானுக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் எங்கே, யார் கையால் அடக்கமாக வேண்டும் என்பது அரசர்களுக்கும் தீராத ஏக்கமாக இருந்திருக்கிறது.

தாழி வனைந்த கைகளும் முற்றாக மறையவில்லை. பரந்து விரிந்த தாழியொன்று செய்து தரச் சொல்லிக் குயவரிடம் கேட்கும் பாடல்கள் புறநானூற்றில் உண்டு. இன்று புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து அய்யனார் கோயில்களுக்குப் புரவி செய்கிறவர்கள் வேளார்கள். பல ஊர்களில் பூசாரிகளும் அவர்களே. புரவியெடுப்பு நாளில் ஊரே கூடி மண்குதிரைகளைத் தோளில் சுமந்து போகிறது. ஆளுயரப் பானையை உடையாமல் சுட்டெடுக்கும் அறிவு இல்லாமல் ஆளுயரக் குதிரை நிற்காது. அந்தச் சூளை அறிவை இளைய தலைமுறை விட்டு விலகுகிறது. வேலையில் இருக்கும் மூத்த வேளார்களோடு தொல்லியலாளர்கள் உட்கார்ந்து, களிமண் கலவை, வனைவு, சூளை அடுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்தால், தாழிகளைப் பற்றிய பல கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

ஈமக்காடுகளின் நிலைதான் கவலைக்குரியது. சித்தன்னவாசல் போன்ற சில இடங்களுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சட்டத்தின் கீழ் மற்றவற்றையும் கொண்டுவர இயலும். அதுவரை, செம்மண் அள்ளும் இயந்திரத்துக்கும், ஜல்லி உடைக்கும் குவாரிக்கும், தைல மரத்துக்காக ஆழ உழும் கலப்பைக்கும் ஒரு கல்வட்டம் வெறும் கற்குவியல். மூடுகல்லைப் பெயர்த்துவிட்டால் அதன் பிறகு அந்தக் கல்லறையிடம் கேட்க எதுவும் மிஞ்சாது. எலும்பு எந்த அடுக்கில் இருந்தது, பானை எந்தப் பக்கம் பார்த்தது, துளைக்கு வெளியே என்ன வைத்திருந்தார்கள் என்ற செய்திகள்தாம் அதன் உயிர்.

கீழடியை அகழ்ந்தபோது அதன் இடுகாடான கொந்தகையையும் சேர்த்தே அகழ்ந்தார்கள். வீட்டில் புழங்கிய பானையும் சாவுக்கு வைத்த பானையும் ஒரே கண்ணில் பட்டன. எலும்புகள் மரபணுச் சோதனைக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சென்றன. பொற்பனைக்கோட்டைக்கும் இதுவே முறையாக இருக்க வேண்டும். கோட்டைக்குள் கிடைக்கும் பானையையும் மணியையும் இரும்பையும் சுற்றுவட்டார ஈமக்காடுகளில் கிடைப்பவற்றோடு ஒப்பிட வேண்டும். நில அளவை வரைபடத்தில் ஒவ்வொரு கல்வட்டத்தையும் புள்ளியிட்டு, அந்தந்த ஊராட்சியின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தக் கணக்கெடுப்பை அன்னவாசலிலிருந்து தொடங்கலாம். அங்கே கற்கள் இன்னும் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன.